கோடு தாண்டாத வண்டி

செய்யாத தவறுக்கு ஒருவன் வருந்த முடியுமா? வருந்துவது போலக் காட்டிக்கொள்ளலாம், அது நடிப்பு. மற்றவன் செய்ததற்காக வருந்தலாம், அது இரக்கம். இந்த இரண்டிலும் சேராத ஒரு வருத்தம் உண்டா என்று கேட்டால், பிளம் கிரீக் ஊரின் பழைய ஆட்கள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அத ஹோபர்ட்டத்தான் கேக்கணும்" என்பார்கள். ஹோபர்ட்டிடம் கேட்டால், வாயில் கிடக்கும் பெப்பர்மிண்ட் மிட்டாயை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றுவான். அவ்வளவுதான் பதில்.

ஹோபர்ட் சைஸ்மோர் காஸ் லாரி ஓட்டினான். கென்டக்கியின் அந்தக் கிழக்கு மலைகளில் ஒவ்வொரு வீட்டுக்குப் பின்னாலும் வெள்ளைப் பன்றி படுத்திருப்பது போல ஒரு காஸ் தொட்டி கிடக்கும். பள்ளத்தாக்கு பள்ளத்தாக்காகப் போய், குழாயைத் தோளில் இழுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி நடந்து, தொட்டியை நிரப்பி, பின்கதவைத் தட்டி, "ஆச்சும்மா" என்று சொல்லிவிட்டு வருவது அவன் வேலை. எந்த நாய் கடிக்கும், எந்த நாய் குரைப்பதோடு சரி, யார் காலிப் பாட்டில்களைக் கோழிக்கூண்டுக்குப் பின்னால் ஒளிக்கிறார் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். எல்லார் வீட்டுக் கொல்லையும் தெரிந்த அந்த மனிதனுக்கு ஒருவர் வீட்டு வரவேற்பறையும் தெரியாது.

மது அவன் தொட்டதே இல்லை. கொள்கை என்று சொல்ல முடியாது. வாடை பட்டாலே தும்முவான், நிற்காமல் தும்முவான்.

அவன் மனைவி நோலா பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்தாள். சனிக்கிழமை மதியங்களில், டவுனில் மேசை நாற்காலிக் கடைக்கு மேல் மாடியில் இருந்த ரேடியோ நிலையத்துக்குப் போய் அரை மணி நேரம் கிடாரோடு பாடுவாள். பெரிய குரல் என்று சொல்வதற்கில்லை. மேலே போனால் மெலிந்துவிடும். ஆனால் ஒரு வார்த்தையை அவள் பாடினால், அது அவளுக்கே நடந்தது போலிருக்கும். வினையெல்லாம் அதிலிருந்துதான் வந்தது.

அந்தப் பாட்டு பிறந்த நாளில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஹோபர்ட் வரத் தாமதமானது. அவனுடைய பீன்ஸையும் சோளரொட்டியையும் ஒரு தட்டில் வைத்து, இன்னொரு தட்டால் மூடி அடுப்புக்குள் வைத்துவிட்டு, நோலா கிடாரை எடுத்து உட்கார்ந்தாள். அவன் உள்ளே வந்தபோது அவள் தலையை நிமிர்த்தவில்லை.

"தட்டு அடுப்புல இருக்கு. எதுவும் பேசாத, பாட்டு வருது."

அவன் சத்தமில்லாமல் சாப்பிட்டான். அவள் வந்தவரைக்கும் பாடிக் காட்டினாள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றான். "ஆனா அவன் எங்க போயிருக்கான்?"

"காஸ் போட."

"காஸ் போடப் போனவனுக்காக எவ அழுவா, நோலா?"

"பின்ன?"

"கோட்டுக்கு அந்தப் பக்கம் அனுப்பிடு அவனை."

"உன்னையா?"

"பாட்டுல வர்றவனை. நான் இங்கதான இருக்கேன், பீன்ஸ் தின்னுக்கிட்டு."

அந்தக் கவுண்டியில், அதாவது அந்த மாவட்டத்தில், மது விற்கக் கூடாது. குடிக்க நினைப்பவன் எல்லைக் கோட்டைத் தாண்டி அடுத்த கவுண்டிக்குப் போக வேண்டும்; அந்தப் பக்கத்தில் முதல் கட்டடமே ஒரு மது பார். அதனால் கோடு தாண்டுவது என்றால் என்னவென்று அங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஹோபர்ட் இரண்டாவது சோளரொட்டியை முடிப்பதற்குள் பாட்டு முடிந்துவிட்டது.

*கோடு தாண்டிப் போன வண்டி*
*கோழி கூவும் முன்னே வருமா?*
*அடுப்புக்குள்ளே உன் தட்டிருக்கு,*
*ஆறும் முன்னே நீ வருவியா?*

அடுத்த சனிக்கிழமை அவள் அதை ரேடியோவில் பாடினாள். திங்கட்கிழமைக்குள் ஹோபர்ட் குடிகாரனாகிவிட்டான்.

ஊரை இதற்குக் குறை சொல்ல முடியாது. அந்த மலைக் கிறிஸ்தவ சபைகளில் ஆராதனையின் நடுவே யாராவது எழுந்து நின்று, "நான்" என்று ஆரம்பிப்பார்கள். நான் சூதாடினேன், நான் என் அண்ணனை வெறுத்தேன் என்பார்கள். அதுதான் சாட்சி. அப்படி எழுந்து நிற்கிறவர் பொய் சொல்லக்கூடும் என்று யாரும் நினைத்ததில்லை. அந்தக் காதுகளோடுதான் அவர்கள் ரேடியோவையும் கேட்டார்கள். கற்பனை என்று ஒன்று இருப்பது அவர்களுக்குத் தெரியும். சினிமாக்காரர்களிடம் இருக்கும் என்று தெரியும். நோலா சைஸ்மோரிடம் இருக்கும் என்று தெரியாது.

முதலில் மாட்டியது மிஸஸ் ஃப்யூகேட் வீட்டில். கணவனை இழந்தவர், கண்டிப்பானவர், காஸ் விஷயத்தில் மட்டும் தாராளம்.

"ஆச்சும்மா" என்றான் ஹோபர்ட் பின்கதவில்.

"ஆச்சுன்னா கெளம்பு. வீட்ல தட்டு காத்துக்கிட்டிருக்கும்."

"காலை பத்து மணிதான் ஆகுது, மிஸஸ் ஃப்யூகேட்."

"அடப்பாவி, காலையிலேயே ஆரம்பிச்சுட்டியா?"

அவன் ஒரு பெப்பர்மிண்ட்டை எடுத்து வாயில் போட்டான்.

"வாடைய மறைக்கிற அழகப் பாரு" என்று அவர் கதவைச் சாத்தினார்.

நோலாவுக்கு நடந்தது இதற்கு நேர்மாறு. பள்ளிக்கூடத்தில் டீச்சர்கள் வரிசையில் நின்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "அய்யோ, அது சும்மா கட்டின பாட்டுங்க" என்றாள். "தெரியும்மா, நீ அவனை விட்டுக்கொடுக்க மாட்ட" என்றார்கள். மறுக்க மறுக்க அவள் உத்தமியாகிக்கொண்டே போனாள். வீட்டுக்கு வந்து இரண்டு பேரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். "இன்னிக்கு யாரு திட்டினது?" என்று அவள் கேட்பாள். அவன் ஒவ்வொருவர் மாதிரியும் பேசிக் காட்டுவான்.

பாட்டு ஊரையே திருத்தியது என்று பின்னால் சொன்னார்கள். அப்படிச் சொல்ல அவசரப்பட வேண்டாம். ஒருவன் ஒரு வாரம் நேரத்தோடு வீடு திரும்பினான். மறுவாரம் ரொட்டி சரியில்லை என்று கோட்டைத் தாண்டினான். இன்னொருவன் அந்தப் பாட்டு வரும்போது ரேடியோவை அணைக்கக் கற்றுக்கொண்டான். ஒரு பாட்டு மனத்தை மாற்றுகிறதா, அல்லது மாறுவதற்குத் தயாராக இருந்த மனத்துக்கு ஒரு சாக்கைக் கொடுக்கிறதா என்பது எளிதில் தீர்கிற விஷயமில்லை.

ஆனால் க்ளெல் பெய்ஸ்டன் விஷயம் வேறு. க்ளெல் மர அறுவை மில்லில் வேலை செய்தவன். கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு. சனிக்கிழமை தவறாமல் கோடு தாண்டுவான், திங்கட்கிழமைதான் முழுசாகத் திரும்புவான். ஒரு நாள் மலைச்சாலையில் ஹோபர்ட்டின் லாரியை மறித்து, தன் வண்டியின் கண்ணாடியை இறக்கினான்.

"ஏய் ஹோபர்ட்டு. நீ விட்டுட்டியா?"

"எத?"

"எங்கிட்டயே எதங்கிறான் பாரு. நானும் பாக்குறேன், உன் வண்டி அந்தப் பக்கம் வர்றதே இல்ல."

"அது எப்பவுமே வந்ததில்லயேப்பா."

"சரி சரி, நீ வேற பாருக்குப் போயிருப்ப. அது இல்ல நான் கேக்குறது." க்ளெல் ரோட்டைப் பார்த்துக்கொண்டு கேட்டான். "சாயங்காலம் ஆனா கை ஒரு மாதிரி பண்ணுமே. அதுக்கு நீ என்ன பண்ற?"

ஸ்டியரிங் மேல் இருந்த அந்தப் பெரிய கை நடுங்கிக்கொண்டிருந்தது. ஹோபர்ட் மிட்டாய்ப் பொட்டலத்தை நீட்டினான்.

"இந்தா, இத வாயில போடு."

"இதா? இவ்வளவுதானா?"

"மொதல்ல ஒண்ணு. அது கரைஞ்சப்புறம் இன்னொண்ணு."

இதை ஹோபர்ட் சிரித்துக்கொண்டேதான் நோலாவிடம் சொல்ல ஆரம்பித்தான். முடிக்கும்போது சிரிப்பு இல்லை. அதன் பிறகு க்ளெல் அவனை வழியில் அடிக்கடி மறித்தான். அதையெல்லாம் ஹோபர்ட் பேசிக் காட்டவில்லை.

இலையுதிர் காலத்தில் சபைக் காரியங்களைக் கவனிக்கும் மூப்பர்களான டீக்கன்களில் ஒருவர் ஒஹாயோவில் இருந்த மகன் வீட்டுக்குக் குடிபோனார். அந்த இடத்துக்கு ஹோபர்ட் பெயரைச் சிலர் சொன்னார்கள். போதகர் பிரதர் டாக்கெட் வீட்டுக்கு வந்தார், காபி குடித்தார், தொண்டையைக் கனைத்தார்.

"ஹோபர்ட் பேர மூணு பேரு சொல்றாங்க. மிச்சப் பேரெல்லாம் பாட்டச் சொல்றாங்க."

"பிரதர், அது..." என்றாள் நோலா.

"எனக்குத் தெரியும் சிஸ்டர். கல்யாண வீட்ல ஒருத்தன் பாட்டிலத் தொறந்ததுக்கு இவன் தும்மின தும்மலுக்கு நான்தான் சாட்சி. ஆனா சபைக்குத் தெரியாதே. ஞாயித்துக்கெழம சாட்சி நேரத்துல நீங்களே எழுந்திருச்சு, அது கட்டின பாட்டு, இவனப் பத்தினது இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. அங்க நின்னு சொன்னா நம்புவாங்க. அன்னிக்கே ஓட்டு."

அவர் போன பிறகு ஹோபர்ட் முன்கதவைச் சாத்தாமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தான்.

"டீக்கன்னா முன்வாசல் வழியாப் போகலாம், தெரியுமா?" என்றான்.

"யாரு வீட்டுக்கு?"

"எல்லார் வீட்டுக்கும்தான். முடியாம இருக்கறவங்களப் பாக்க, ஜெபம் பண்ண. தொப்பியக் கையில வெச்சுக்கிட்டு உள்ள போயி ஒக்காரலாம். மிஸஸ் ஃப்யூகேட் வீட்ல பியானோ இருக்காம். இத்தன வருஷம் அவங்க தொட்டிய ரொப்புறேன், நான் பாத்ததே இல்ல."

அவன் எதற்கும் ஆசைப்பட்டு நோலா பார்த்ததில்லை. ஒரு புதுச் சட்டைக்கோ, புது வண்டிக்கோ கூட. வெள்ளிக்கிழமை தன் பழுப்பு நிறச் சூட்டை எடுத்து அவனே தேய்த்தான். ஷூவுக்கு இரண்டு தடவை பாலிஷ் போட்டான். காலையில் ஒன்றும், மத்தியானம் ஒன்றும் சொல்கிற மனிதர்கள் உண்டு, அவன் அப்படியில்லை. அவன் ஷூவுக்கு பாலிஷ் போட்டால் அது வேண்டும் என்று அர்த்தம்.

சனிக்கிழமை நோலா ரேடியோ நிலையத்திலிருந்து திரும்பியபோது சமையலறையில் க்ளெல்லின் மனைவி ஜெட்டி நின்றுகொண்டிருந்தாள். கையில் துணி போட்டு மூடிய ஆப்பிள் கேக். ஜெட்டி யார் வீட்டிலும் உட்கார மாட்டாள்.

"நாளைக்கு நீ எழுந்து பேசப் போறியாமே."

"ஆமா."

"பாட்டு பொய்னு."

"பொய்னு இல்ல ஜெட்டி. கட்டினதுன்னு."

"க்ளெல்லுக்கு அந்த வித்தியாசம் புரியாது." அவள் கேக்கை மேசையில் வைத்தாள், பிறகு அதைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள். "பாட்டக் கேட்டு அவன் விடல, நோலா. பாட்டக் கேட்டு அழுதான். அழுதுட்டுப் போயி நல்லாக் குடிச்சான். விட்டது எப்பன்னா, ஹோபர்ட்டும் நம்மள மாதிரி ஆளுதான்னு நெனச்சப்புறம். 'அவனும் கெடந்து எழுந்தவன்தான். இன்னிக்கு வண்டி ஓட்டுறான், மிட்டாய் திங்கிறான், சிரிக்கிறான். அவனால ஆச்சுன்னா எனக்கு ஏன் ஆகாது'ங்கிறான். தனக்கு முன்னால ஒருத்தன் நடந்து போறான்னு ஒரு நெனப்பு. அப்படி ஒருத்தன் இல்லவே இல்லன்னு நாளைக்கு நீ சொன்னா..."

"ஜெட்டி, ஹோபர்ட்டுக்கு இது எவ்வளவு..."

"தெரியும். நான் கேக்கக் கூடாது. கேக்காம இருக்கவும் முடியல." அவள் கதவு வரை போய்த் திரும்பினாள். "கேக்கை இன்னிக்கு வெட்டாத. நாளைக்குத்தான் ருசி ஏறும்."

சமையலறை ஜன்னல் திறந்திருந்தது. வெளியே ஹோபர்ட் லாரிக் குழாயைக் கழுவிக்கொண்டிருந்தான். ஜெட்டி போன பிறகு உள்ளே வந்தான்.

"யாரு கொண்டாந்த கேக்கு?"

"ஜெட்டி."

"ஆப்பிளா?" என்று கேட்டு, ஒரு துண்டு வெட்டிக்கொண்டான். நோலா அவன் முகத்தையே பார்த்தாள். அதில் ஆப்பிள் கேக் தின்கிறவனின் திருப்தியைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. ஜெட்டி கேட்டதை அவள் அவனிடம் சொல்லவில்லை.

அன்று இரவு முழுவதும் அவள் நினைத்துப் பார்த்தாள். க்ளெல் பெய்ஸ்டன் ஒரு மனிதன். ஹோபர்ட்டும் ஒரு மனிதன், அதுவும் அவளுடைய மனிதன். ஒரு நல்லவன் பெயரைப் பாட்டுக்காக இரவல் வாங்கியாகிவிட்டது. வாங்கியதை யாரிடம் வாங்கினோமோ அவனிடம் கொடுக்க வேண்டும். நியாயம் இந்தப் பக்கம்தான் இருந்தது. இருந்தும் அவளுக்கு அது நிம்மதியைத் தரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சபை நிறைந்திருந்தது. ஓட்டு என்றால் வராதவர்களும் வருவார்கள். கதவுக்குப் பக்கத்துக் கடைசி பெஞ்சில் க்ளெல், முழங்காலில் தொப்பி, ஒரு கன்னம் மட்டும் உப்பியிருந்தது. பக்கத்தில் ஜெட்டி. ஹோபர்ட் நோலாவுக்குப் பக்கத்தில், பெஞ்சுகளுக்கு இடையிலான நடைபாதையை ஒட்டி, சூட்டு கசங்கிவிடுமோ என்று நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான்.

"சாட்சி சொல்ல விரும்புறவங்க சொல்லலாம்" என்றார் பிரதர் டாக்கெட், வேறு எங்கோ பார்த்துக்கொண்டு.

நோலா எழுந்தாள்.

"நான் ஒரு பாட்டு கட்டினேன். எல்லாரும் கேட்டிருப்பீங்க. அந்தப் பாட்டுல வர்ற ஆளு..."

பெஞ்சு முனகியது. ஹோபர்ட் எழுந்து நின்றான். தும்மல் வருகிறது, வெளியே போகிறான் என்று நினைத்தாள் நோலா. அவன் நடைபாதையில் இறங்கினான். கதவுப் பக்கம் திரும்பவில்லை. பிரசங்க மேடைக்கு முன்னால் ஒரு பழைய பெஞ்சு கிடக்கும். மனந்திரும்ப விரும்புகிறவர் எல்லார் பார்வையிலும் நடந்து போய் மண்டியிடுகிற இடம். அவன் அதை நோக்கி நடந்தான். ஒரு தோள் தாழ்ந்த நடை, குழாயை இழுத்துக்கொண்டு போவது போல. பாலிஷ் போட்ட ஷூ ஒவ்வொரு அடிக்கும் கீச்சிட்டது. போய் மண்டியிட்டான்.

"ஆமென்!" என்றார் மிஸஸ் ஃப்யூகேட், தானே அவனை இழுத்து வந்தவர் போல.

பிரதர் டாக்கெட் குனிந்தார். அவர் கேட்டது முதல் வரிசைக்கு மட்டும் கேட்டது. "என்னப்பா பண்ற? எதுக்கு வந்த?"

"எதுக்கு வந்தன்னு கேக்குற வழக்கம் இல்லயே, பிரதர்."

அது உண்மை. அங்கே யாரிடமும் அப்படிக் கேட்பதில்லை. அவர் நிமிர்ந்து, இனி உன் பாடு என்பது போல நோலாவைப் பார்த்தார். ஒருவர் மண்டியிட்டால், வர நினைக்கிற மற்றவர்கள் வந்து சேரும் வரை பாட வேண்டும் என்பது வழக்கம். நோலா அரை வாக்கியத்தோடு நின்றுகொண்டிருந்தாள். மிச்சத்தைச் சொன்னால் முன்னால் மண்டியிட்டிருப்பவன் பொய்யனாவான். அவளுக்கு எத்தனையோ கீர்த்தனைகள் தெரியும். வாயில் வந்தது வேறு.

*அடுப்புக்குள்ளே உன் தட்டிருக்கு...*

அந்தச் சுவர்கள் அப்படி ஒரு பாட்டைக் கேட்டதில்லை. கிடார் இல்லை. மேலே போகும் இடத்தில் அவள் குரல் வழக்கம் போல மெலிந்தது. இந்தத் தடவை யாரைப் பற்றிப் பாடுகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

இரண்டாவது சரணத்தில் கடைசி பெஞ்சு நகர்ந்தது. ஆற்றுக்குள் நடப்பவனைப் போல, ஒவ்வொரு பெஞ்சின் முனையையும் பிடித்துப் பிடித்து க்ளெல் வந்தான். மண்டியிட்டபோது பலகை அதிர்ந்தது. அவன் தோள்கள் குலுங்கின. ஹோபர்ட் திரும்பிப் பார்க்கவில்லை. கோட்டுப் பையில் கையை விட்டான், ஒரு பெப்பர்மிண்ட்டை எடுத்தான், பக்கவாட்டில் நீட்டினான்.

அன்றைக்கு வேறொருவரை டீக்கனாகத் தேர்ந்தெடுத்தார்கள்.

வீட்டுக்குப் போகும் வழியில் நோலா கேட்டாள். "ஏன் ஹோபர்ட்?"

"ம்?"

"நான் சொல்ல வந்தத சொல்ல விடலயே நீ."

"ரெண்டாவது சரணத்துல கொஞ்சம் ஒசரத்துல எடுத்துட்ட. மூச்சு வாங்குச்சு."

நேற்று ஜெட்டி பேசும்போது ஜன்னல் திறந்திருந்ததைப் பற்றிக் கேட்க நினைத்தாள். கேட்கவில்லை. வீட்டில் கோழி பொரித்தாள். அவன் மறுபடி மறுபடி வாங்கிச் சாப்பிட்டான். ஜெட்டியின் கேக்கில் உண்மையாகவே ருசி ஏறியிருந்தது.

க்ளெல் அந்தக் குளிர்காலத்தில் இரண்டு முறை கோடு தாண்டினான். இரண்டு முறையும் பாதி இரவில் நடந்தே திரும்பினான். அதன் பிறகு தாண்டவில்லை. ஒரு மனிதன் மாறினான் என்று எப்போது சொல்வது என்பதில் அவசரம் கூடாது. ஜெட்டி மறுகோடையில் முதல்முறையாக நோலா வீட்டில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள், அதைச் சொல்லலாம்.

மறு ஆண்டு இன்னொரு டீக்கன் இடம் காலியானது. பிரதர் டாக்கெட் வந்தபோது ஹோபர்ட் லாரிக்கு அடியில் இருந்தான்.

"இப்ப யாரும் மறுக்க மாட்டாங்க ஹோபர்ட். திருந்தினவன்னா சபைக்குத் தனிப் பிரியம்."

"வேண்டாம், பிரதர்" என்றது லாரிக்கு அடியிலிருந்து குரல். "அந்த ஸ்பேனரக் கொஞ்சம் எடுங்க."

ஊர் அவனைச் சீராட்டியது. மிஸஸ் ஃப்யூகேட், காஸ் லாரியின் சத்தம் கேட்டதும் ஒரு நாள் முன்கதவை அகலத் திறந்து, ஏப்ரன் கட்டாமல் வந்து நின்றார்.

"உள்ள வா ஹோபர்ட். இப்படி வா. உன்ன நெனச்சா எனக்குப் பெருமையா இருக்கு. காபி போட்டிருக்கேன்."

கதவு இடுக்கில் பியானோவின் ஒரு மூலை தெரிந்தது. அதன் மேல் ஒரு பூச்சாடி. ஹோபர்ட் தொப்பியைக் கழற்றினான். கொஞ்ச நேரம் அந்த மூலையையே பார்த்தான்.

"பூட்ஸெல்லாம் சேறும்மா" என்றான்.

"தொடச்சிட்டு வாயேன். மிதியடி எதுக்குக் கெடக்கு?"

அவன் சிரித்தான், தொப்பியைப் போட்டுக்கொண்டான், குழாயைத் தோளில் ஏற்றிக்கொண்டு வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் நடந்தான். மிஸஸ் ஃப்யூகேட்டுக்குக் கோபம். உள்ளே போய்ப் பியானோ முன் உட்கார்ந்து, நோலாவின் பாட்டைத் தப்புத் தப்பாக, ஓங்கி ஓங்கி வாசிக்க ஆரம்பித்தார். தொட்டி நிறைகிற வரை ஹோபர்ட் ஸ்பேனரால் அதன் மேல் தாளம் போட்டுக்கொண்டு நின்றான். பிறகு பின்கதவைத் தட்டி, "ஆச்சும்மா" என்றான்.